படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதுமா?



ஒரு கருமக்கிரியை அழைப்பு அட்டையிலிருந்து தொடங்குகிறேன். எடுத்த எடுப்பில் இப்படியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நடந்தது அதுதான், நான் என்ன செய்ய?

2022-ஆம் ஆண்டில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாட்டி காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கும் பொறுப்பை மூத்த மகன் ஏற்றுக்கொண்டார். அட்டையை வடிவமைத்துக் கொடுத்தவன் என்னிடம் படித்த மாணவன். பெரியவர் கைப்பேசியில் கூப்பிட்டு, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களை எல்லாம் வாயால் சொல்லச் சொல்ல, இவன் ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டான். இரவோடு இரவாக அட்டையை அமைத்து அச்சகத்துக்கு அனுப்பினான். 300 அட்டைகள் வந்தன. மூன்றாவது மகள் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை.

பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அட்டையில் பெயர் விடுபட்டால் அது எழுத்துப் பிழையாகவா நிற்கும்? மூன்றாவது மருமகன் காரியத்துக்கு வரமாட்டேன் என்று நின்றார். மூத்தவரோ, "நான் சொன்னேன், பையன்தான் விட்டுவிட்டான்" என்றார். பையனோ, "நீங்கள் சொல்லவில்லை மாமா" என்றான். எழுதி வாங்கிய துண்டுச் சீட்டு ஒன்று கூட இல்லை. கடைசியில் அட்டையை மறுபடியும் அடிக்க 240 வெள்ளி அவன் கையிலிருந்தே போயிற்று. கையிலிருந்து என்றா சொன்னேன்? அவன் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி, கூட்டுக் கட்டி வைத்திருந்த பணத்திலிருந்து.

மறுவாரம் என் வீட்டுக்கு வந்தான். "சார், நான் எங்கே தப்பு செய்தேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவனையும், அவனைப் போலவே தொழில் செய்யும் வேறு மூன்று பழைய மாணவர்களையும் அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். எனக்கு வடிவமைப்புக் கலை தெரியாது. கரும்பலகையில் நான் மாம்பழம் வரைந்தால், பிள்ளைகள் அதைக் கோழிமுட்டை என்பார்கள். ஆகவே எப்படி வரைவது என்று நான் சொல்லப்போவதில்லை. வரையத் தெரிந்த பிள்ளைகள் ஏன் வாழ முடியாமல் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முன்பெல்லாம் பட்டணத்தில் தூரிகை பிடித்துப் பலகை எழுதுகிறவர்கள் இருந்தார்கள். இன்று அந்த இடத்தில் மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாண அழைப்பிதழ், பிறந்தநாள் பேனர், உணவுக்கடை மெனு, கடைக்கு லோகோ, கோயில் திருவிழா நோட்டீசு எல்லாம் இவர்கள் வேலைதான். ஒரு முதலாளியிடம் மாதச் சம்பளத்துக்கு நிற்காமல், வருகிற வேலையை ஏற்றுச் சொந்தக் கையில் செய்கிறார்கள். நான் சொன்ன பையன் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு ஓர் அச்சகத்தில் வேலை செய்தவன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அச்சகம் மூடிக் கிடந்தது, வேலை போயிற்று. வீட்டில் இருந்தபடியே தொடங்கினான். அவனைப் போல் அந்த ஆண்டில் தொடங்கியவர்கள் பலர். விரும்பித் தொடங்கியவர் சிலர், வேறு வழியின்றித் தொடங்கியவர் பலர். முன்னேற்பாடு இல்லாமல் இறங்கியதால் அடியும் பலமாகவே பட்டது.

என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, உச்சிவேளையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகை. அங்கே கிராணியார் பாலை அளப்பார். அதோடு விடமாட்டார். கொஞ்சம் மாதிரி எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்றும் பார்ப்பார். தண்ணீர் கலந்த பால் அங்கே மாட்டிக்கொள்ளும். நிறுவையில் குறை வைத்தால் என் தாயார் அங்கேயே நின்று சண்டை போடுவார். "இன்னைக்கு இவ்வளவு, அதுக்கு இவ்வளவு கூலி" என்ற கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள்தான் இன்று தங்கள் உழைப்பை நிறுக்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பையனிடம் கேட்டேன்: "கல்யாண அழைப்பிதழ் ஒன்றுக்கு என்ன வாங்குகிறாய்?" "40 வெள்ளி சார்." "எத்தனை மணி நேரம் ஆகும்?" அதுவரை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து எண்ணினோம். கடைசியாகச் செய்த அழைப்பிதழுக்குப் பதினொரு முறை திருத்தம். பெண் வீட்டார் சிவப்பு கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் மயில் நிறம் கேட்டார்கள், பிள்ளையாரை இடப்பக்கம் வை, வலப்பக்கம் வை, மறுபடியும் இடப்பக்கம் வை. ஆக மொத்தம் 16 மணி நேரம். 40 வெள்ளியை 16-ஆல் வகுத்தால் மணிக்கு இரண்டு வெள்ளி ஐம்பது காசு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. அதை அவன் இரண்டு ஆண்டுகளாகப் போடவில்லை.

விலையை எப்படி வைப்பது? பக்கத்துக் கடைக்காரன் என்ன வாங்குகிறான் என்று பார்த்து, அதில் பத்து வெள்ளி குறைத்துச் சொல்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவன் சொந்த அச்சு இயந்திரம் வைத்திருப்பான், அட்டையிலும் அச்சிலும் லாபம் எடுப்பான். உனக்கு அந்த லாபம் கிடையாதே! உன் வீட்டுச் செலவிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு காட்டுகிறேன். வீட்டுக்கு மாதம் 1,800 வெள்ளி வேண்டும் என்று வையுங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக உயர்ந்தது, ஆகவே இது பேராசை அன்று. மின்சாரம், இணையம் 200. மடிக்கணினி 3,600 வெள்ளி, மூன்று ஆண்டு உழைக்கும் என்றால் மாதம் 100. மென்பொருளுக்கு 100. சேமநிதிக்கும் காப்புறுதிக்கும் 200. மொத்தம் 2,400 வெள்ளி.

மாதத்தில் 200 மணி நேரம் உழைத்தாலும் அத்தனையும் கூலிக்கு உரிய நேரமாகாது. வாடிக்கையாளரிடம் பேசுவது, அச்சகத்துக்கு ஓடுவது, காசுக்கு அலைவது எல்லாம் போக, தொடக்கத்தில் 80 மணி நேரம் தேறினால் பெரிது. 2,400-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 30 வெள்ளி. ஐந்து மணி நேர அழைப்பிதழுக்கு 150 வெள்ளி. "சார், தோட்டத்தில் யார் 150 வெள்ளி தருவார்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். எடுத்த உடனே தரமாட்டார்கள். 80-க்கோ 100-க்கோ செய்து கொடுக்க வேண்டி வரலாம். ஆனால் 50 வெள்ளி விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமலே இழப்பது வேறு. முன்னதைச் செய்கிறவன் அடுத்த ஆண்டு விலையை ஏற்றுவான். பின்னதைச் செய்கிறவன் அடுத்த ஆண்டு செக்யூரிட்டி வேலைக்குப் போயிருப்பான்.

இப்போது அந்தக் கருமக்கிரியை அட்டைக்கு வருவோம். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பது பெரிய தவறு. தெரிந்தவரிடம் எப்படி எழுதிக் கேட்பது என்ற கூச்சம்தான் காரணம். ஒப்பந்தம் என்றால் முத்திரைத் தாளும் வழக்கறிஞரும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் வேண்டாம். ஒரு வாட்சப் செய்தி போதும். என்ன வேலை, என்ன அளவு, என்ன விலை, எந்தத் தேதிக்கு, எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு. இவ்வளவையும் தமிழில் நாலு வரி எழுதி அனுப்பி, "சரி என்றால் சரி என்று போடுங்கள் மாமா" என்று கேட்க வேண்டியதுதான். அந்தச் ‘சரி’ வந்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை வாயால் வாங்கவே கூடாது. அவர்கள் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பட்டும். அச்சுக்குப் போகுமுன் முழு அட்டையையும் அனுப்பி, "எழுத்தெல்லாம் பார்த்துவிட்டேன், அச்சடிக்கலாம்" என்ற பதிலை வாங்கி வைக்க வேண்டும். இவை இருந்திருந்தால் 240 வெள்ளி மிஞ்சியிருக்கும். 240 வெள்ளியைவிட முக்கியமாக, அந்தப் பெரியவருக்கும் இவனுக்கும் இடையே பேச்சு நின்றிருக்காது. எழுதி வாங்குவது உறவைக் கெடுக்கும் என்கிறார்கள். நான் பார்த்த வரையில் எழுதாமல் விட்டதுதான் கெடுத்தது.

திருத்தத்துக்கு எண்ணிக்கை வையுங்கள். இரண்டு முறை விலையில் அடக்கம், மூன்றாவது முறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 15 வெள்ளி என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளையார் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார். முன்பணம் பாதி. இதைக் கேட்கத்தான் நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழுவதில்லை. "மாமா, பாதியைப் போட்டுவிடுங்கள், இன்றைக்கே தொடங்கிவிடுகிறேன்." இவ்வளவுதான் பேச்சு. இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? கல்யாணத்துக்கு மண்டபம் எடுக்கும்போது முன்பணம் கட்டாமலா எடுக்கிறார்கள்? மேளக்காரருக்கு முன்பணம், சமையல்காரருக்கு முன்பணம். அழைப்பிதழ்க்காரனுக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம் தம்பி".

மீதிப் பணம் வரும்வரை அச்சுக்குரிய மூலக்கோப்பைக் கொடுக்காதீர்கள். பார்ப்பதற்குச் சிறிய படம் மட்டும் அனுப்புங்கள், அதன் குறுக்கே உங்கள் பெயரை மங்கலாகப் போட்டு அனுப்புங்கள். அதையும் மீறி ஏமாற்றுகிறவர்களுக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்க 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் இடம் தந்தன. அப்போது வைத்த வரம்பு 5,000 வெள்ளி. அங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய் என்பதுதான்.

அடுத்தது இலவச வேலை. இதை எழுதுவதற்குத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தப் பையன் "எங்கே தப்பு செய்தேன்" என்று கேட்டபோது நான் பேச்சற்று நின்றேன் அல்லவா? அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, பள்ளி ஆண்டுமலருக்கு அட்டைப்படமும் பதினாறு பக்க அமைப்பும் அவனிடம்தான் செய்து வாங்கினோம். கூப்பிட்டவன் நான். "தம்பி, நம்ம பள்ளிக்குத்தானே" என்றேன். நான்கு இரவு விழித்துச் செய்தான். விழாவில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம், கைதட்டினோம். பொன்னாடையைக் கொண்டுபோய் மின்சாரக் கட்டணம் கட்ட முடியுமா? அதே விழாவுக்கு நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி, பசியாற மீஹூன் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து ரசீது வாங்கினோம். அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே உண்மை. எனக்கும் தோன்றவில்லை.

எனவே இலவசம் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆயினும் கோயில் காரியம், பள்ளிக் காரியம் என்றால் என்ன செய்வது? நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் உபயம் எழுதுகிறார்களே, அதைக் கவனியுங்கள். அரிசி மூட்டை கொடுத்தாலும் அரிசி இத்தனை மூட்டை, இன்னார் உபயம் என்று ஒலிபெருக்கியில் படிப்பார்கள். கொடுத்ததற்கு ஓர் அளவு உண்டு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நோட்டீசு வடிவமைப்பு 150 வெள்ளி என்று முறையாகப் பில் எழுதுங்கள். கீழே ‘உபயம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆண்டுக்கு ஓர் உபயம் அல்லது இரண்டு, அதற்கு மேல் இல்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நோட்டீசைப் பார்த்து அடுத்து வருகிறவர் "கோயிலுக்குச் சும்மாதானே செய்தாய்" என்று சொல்ல மாட்டார். 150 வெள்ளி என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் இருந்து வேலை செய்கிறான் என்றால், அவன் சும்மா இருக்கிறான் என்று பொருளில்லை. நான் விசாரித்த நால்வரும் சொன்ன ஒரே குறை இதுதான். தங்கையைப் பள்ளியில் விடுவது, அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது, கேஸ் தோம்பு மாற்றுவது, பக்கத்து வீட்டு அத்தைக்கு உதவிப்பணப் பாரம் நிரப்புவது எல்லாம் "வீட்டில்தானே இருக்கே" என்று இவன் தலையில் விழும். பெண்பிள்ளையாக இருந்தால் சொல்லவே வேண்டாம், அடுப்படியும் சேர்ந்துகொள்ளும். அவர்களில் ஒரு பெண்பிள்ளை இரவு பதினொரு மணிக்குத்தான் வேலையைத் தொடங்குகிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுத்துப் பிழை பார்க்கிற கண்ணுக்கு என்ன தெரியும்? அவளுடைய தாயாரிடம் பேசினேன். "வாத்தியாரய்யா, அது பொட்டி முன்னால உட்கார்ந்து படம் பார்க்குதுன்னுல்ல நினைச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வேர்வை சிந்தாத வேலையை வேலை என்று கண்டுகொள்ள நமக்குப் பழக்கமில்லை. காலை எட்டு மணி முதல் பகல் ஒரு மணி வரை அவளைக் கூப்பிடுவதில்லை என்று இப்போது வீட்டில் ஒரு பேச்சு. அந்த ஐந்து மணி நேரத்தில்தான் அவள் தொழில் நிமிர்ந்திருக்கிறது.

இனி நான் ஆசிரியன் என்ற முறையில் கொஞ்சம் உரிமையோடு பேசக்கூடிய இடத்துக்கு வருகிறேன். அது தமிழ் எழுத்து.

ஒரு முறை ஒரு பள்ளி விழாவுக்கு வந்த பேனரில் "தமிழ்ப்பல்லி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்து "சார், நம்ம பள்ளி" என்பார்கள். அது தட்டச்சுக் குறை. இன்னொரு வகைக் குறை உண்டு, அது கணினியின் குறை. "பொங்கல்" என்று சரியாகத்தான் தட்டுவீர்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலுமாகச் சிதறி நிற்கும். இன்டிசைன் போன்றவற்றில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக நிற்கும். இலஸ்ட்ரேட்டரிலும் போட்டோஷாப்பிலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப் போட வேண்டும். இது தெரியாமல் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளையை நான் பார்த்தேன். பாவம், ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம்.

பழைய எழுத்துருக்களில் செய்த கோப்பு வேறு கணினிக்குப் போனால், தமிழ் மறைந்து ஏதோ கிறுக்கல் தெரியும். யுனிகோடு முறையிலேயே தட்டிப் பழகுங்கள். நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தமிழைக் கணினியில் எளிதாகத் தட்ட எத்தனையோ ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிறது. பணம் கட்டி மென்பொருள் வாங்க முடியாதவர்கள் திருட்டுப் படியைத் தேடி ஓடாதீர்கள், அதோடு வைரசும் வரும். இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரிபஸ் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். அச்சகத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, உங்கள் எழுத்துரு அவரிடம் இருக்காது, எழுத்து உடைந்தாலும் அவர் கண்ணுக்கு அழகாகவே தெரியும்.

எழுத்துப் பிழையை நீங்களே பார்க்காதீர்கள். எழுதியவன் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும். உங்கள் பழைய ஆசிரியரிடம் அனுப்புங்கள், நாங்கள் எதற்கு இருக்கிறோம்? "வாழ்த்துகள்" என்பதா, "வாழ்த்துக்கள்" என்பதா என்று கேட்டுச் சண்டைக்கு மட்டும் இழுக்காதீர்கள். நான் வாழ்த்துகள் பக்கம். என் தலைமையாசிரியர் மறுபக்கம். இருபது ஆண்டாக முடியாத வழக்கு.

அச்சைப் பற்றி அவர்கள் சொன்ன மூன்று விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அடிக்கிறது. திரையில் கிளிப்பச்சையாக ஒளிர்வது தாளில் வாடிய வாழையிலை போல் வரும். ஆகவே தொடக்கத்திலேயே அச்சு நிறமுறையில் அமைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை ஒரே ஒரு படி அடித்துப் பாருங்கள். இரண்டாவது, வெட்டும் ஓரத்துக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நிறம் நீட்டி விடுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். மூன்றாவது, வாடிக்கையாளர் வாட்சப்பில் அனுப்பும் புகைப்படம் வழியிலேயே சுருங்கிவிடுகிறது. அதை ஆறடி பேனரில் போட்டால் மணப்பெண் முகம் கட்டம் கட்டமாக இருக்கும். ‘டாக்குமெண்டு’ என்ற முறையில் அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். அட்டைக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அதில் பாதி இருந்தாலும் ஒப்பேறும்.

உரிமை பற்றிய ஒரு செய்தி எனக்கே வியப்பாக இருந்தது. வரைந்தவனுக்குத்தான் படத்தின் பதிப்புரிமை என்று நினைத்திருந்தேன். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவருக்கே போய்ச் சேருகிறது. கடைக்கு லோகோ செய்து கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம் முழுவதும் கட்டிய பிறகே உரிமை மாறும், என் மாதிரிப் பட்டியலில் இதைக் காட்டிக்கொள்வேன் என்ற இரண்டு வரிகளையும் அந்த வாட்சப் செய்தியில் சேர்த்துவிடுங்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், கூகிளில் கிடைத்த முருகன் படத்தை எடுத்துப் போடுகிறோமே, அதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவர் வீட்டிலும் மின்சாரக் கட்டணம் உண்டு. ஆயத்தப் படங்களை வைத்து லோகோ செய்தால் வேறு ஆபத்தும் இருக்கிறது. அதே மயில் இன்னொரு பட்டணத்தில் இன்னொரு கடையின் பலகையில் உட்கார்ந்திருக்கும்.

பதிவு செய்வதைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. கம்பெனிகளும் பள்ளிகளும் பதிவு எண் இல்லாதவரின் பில்லுக்குப் பணம் கொடுக்கத் தயங்கும். பெரிய வேலை கைநழுவிப் போவது இதனால்தான். வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். வருமானம் வரி வரம்பை எட்டினால் பி பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும், ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். முதலாளி இல்லாதவனுக்குச் சேமநிதியும் சொக்சோவும் யார் கட்டுவது? நீங்கள்தான் கட்டிக்கொள்ள வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. சேமநிதியில் நீங்களாகக் கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துக் கணக்கில் இவை தாமாகப் பிடிபட்டன. அந்தப் பழக்கத்தில் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

"வெளிநாட்டு வேலை தருகிறோம், முதலில் 200 வெள்ளி பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவன் காசு கேட்பானா? கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல், உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிப் புகார்களுக்காகவே 2022-இல் ஏற்படுத்தப்பட்ட எண் அது. எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். லோரி வாங்கிவிட்டான், பங்களா கட்டிவிட்டான் என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. நடுவில் ஆறு மாதம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். திரும்பியவன் பழைய மாதிரி இல்லை. அழைப்பிதழ் 120 வெள்ளி என்கிறான். சிலர் வேறு இடம் தேடிப் போகிறார்கள், சிலர் தருகிறார்கள். தாயாரின் கூட்டுப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டான். அந்த மூத்த மாமாவோடு இன்னும் பேச்சில்லை.

சென்ற மாதம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பேனர் வேண்டியிருந்தது. அவனுக்குத்தான் செய்தி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அளவு, தேதி, திருத்தம் இரண்டு முறை, விலை 120 வெள்ளி, முன்பணம் 60. அதற்குக் கீழே, "சரி என்றால் சரி என்று போடுங்கள் சார்." பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடம் காட்டினேன். "நம்ம பையன்தானே, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன்" என்றார். குறைக்கச் சொல்லவில்லை. சரி என்று போட்டேன், 60 வெள்ளியை அனுப்பினேன், ரசீதும் வந்தது. பேனரில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னேன். "இது முதல் திருத்தம் சார், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று எழுதினான்.

மீதி 60 வெள்ளியை இந்த வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும்.